முன்வரிசை விசிறி

அன்று மாலை லத்தீன் ஜாஸ் கச்சேரி களைகட்டியிருந்தது. டிரம்ஸ் வாசித்தபடியே குழுவை நடத்தும் அந்த மேதையை ரசிக்கவிடாமல், முன்வரிசையில் ஓர் அம்மாள் விசிறிக்கொண்டே இருந்தது பின்னால் அமர்ந்திருந்த விமர்சகருக்கு எரிச்சலூட்டியது.

"ஏம்மா, ஏசி இந்தப் போடு போடுது, விசிறி எதுக்கு? வீசறதும் தாளத்தோட சேரல. மடக்கி வைங்க!"

"மடக்கினா கச்சேரி நின்னுடுமே சார்."

"நக்கலா? பத்திரிகைக்கு விமர்சனம் எழுதறவன் நான். எனக்குத் தெரியாத தாளமா?"

அம்மாள் மடக்கினாள். மேடையில் மேதையின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. டிரம்பெட்காரர்கள் திருதிருவென விழித்தார்கள்.

விமர்சகருக்குப் புல்லரித்தது. "ஆகா! என்ன மௌனம்! என்ன துணிச்சல்!"

அம்மாள் அவசரமாக விசிறியை விரித்தாள். டிரம்ஸ் மறுபடி முழங்கியது.

"துணிச்சலும் இல்ல, மண்ணும் இல்ல. அவர் என் வீட்டுக்காரர். காது கேக்காம போய் மூணு வருஷமாச்சு. நான் வீசறதைப் பார்த்துத்தான் அடிக்கிறார். தயவுசெஞ்சு இதை எழுதிடாதீங்க சார்."

"சேச்சே, எழுதுவேனா!" என்றார் விமர்சகர். அந்த ஏசியிலும் அவருக்கு வியர்த்தது.

மத்தியானமே அவர் எழுதி அனுப்பிவிட்டிருந்த விமர்சனத்தின் தலைப்பு: 'காது என்றால் இவர் காது!'