கடுகளவு காலி இடம்

எழுநூறு எம்பி கொள்ளும் சிடியில் அரை எம்பி காலியாகக் கிடந்தாலும் ஞானசிகாமணிக்கு அன்று சோறு இறங்காது. கணினியில் இருப்பதையெல்லாம் பத்திரப்படுத்தக் கிளம்பியவர், எந்தக் கோப்போடு எதைச் சேர்த்தால் சிடி விளிம்புவரை நிறையும் என்று தாளில் கூட்டிக் கழித்தே மூன்று மாதம் ஓட்டினார். நிறைந்த சிடி காலி சிடியைவிடக் கனக்கும் என்று தராசில் வைத்தே காட்டினார். பக்கத்து வீட்டு நாயின் படத்துக்குக்கூட இடம் கிடைத்தது. அது சரியாக இரண்டு எம்பி இருந்தது, அதன் யோகம்.

விபத்தில் போன மகன் இளவழகன், பல் துலக்கிக்கொண்டே அம்மாவைக் கேலி செய்யும் வீடியோவுக்கு மட்டும் முறை வரவில்லை. அவன் குரலென்று வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"முதல்ல எம்புள்ளையப் போடுங்களேன்" என்றாள் மனைவி அமிர்தவல்லி.

"அவனை எதோட சேத்தாலும் மூணு எம்பி வீணாப் போகுதுடி. பொருத்தமா ஒண்ணு வரட்டும்."

"மூணு காலியாக் கெடந்தா குடியா முழுகிடும்? உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான். வந்த பொண்ணையெல்லாம் பொருத்தம் பத்தலைன்னு தள்ளிவிட்டீங்க."

அறுபத்திரண்டாவது சிடி நிறைந்த மறுநாள் கணினி செத்தது. பார்க்க வந்த மெக்கானிக் ஹார்ட் டிஸ்க்கைக் காதோரம் குலுக்கிப் பார்த்து, "ஒண்ணும் தேறாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அமிர்தவல்லி அழவில்லை. அடுக்கிலிருந்து ஒரு சிடியை எடுத்து, நடுவிலிருந்த ஓட்டை வழியாகக் கணவரைப் பார்த்தாள்.

"இவ்வளவு இடத்தை ஏங்க வீணா விட்டீங்க?" என்று கேட்டாள்.