சுருட்டிய வலை

ஆலங்கட்டிச் சத்தம் ஓய்ந்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது. தகரக் கூரை இன்னும் சொட்டுகிறது. திராட்சைத் தோட்டக்காரர் கொட்டகை வாசலில் நிற்கிறார். காயில் வெயில் படட்டும் என்று காலையில் அவரே சுருட்டிக் கட்டிய ஆலங்கட்டித் தடுப்பு வலை, முடிச்சு கலையாமல் பந்தல் ஓரத்தில் கிடக்கிறது. கீழே பழமும் இலையும் பனிக்கட்டியும் ஒரே கூழ். மனைவியின் தம்பி, வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவன், ஒரு கட்டியை எடுத்துக் கத்தியால் இரண்டாக அறுக்கிறான். உள்ளே வெங்காயம் போல வளையங்கள். "பாருங்க மாமா, வெள்ளை வளையம் சட்டுனு உறைஞ்சது, கண்ணாடி மாதிரி இருக்கறது மெதுவா உறைஞ்சது. கீழருந்து அடிக்கிற காத்து தாங்கற வரைக்கும் மேலயே வளரும். கனம் கூடுனா விழுந்துரும்." அவர் அந்தப் பாதிக் கட்டியையே பார்க்கிறார். "இவ்வளவு நேரம் தாங்குன காத்து, நம்ம தோட்டத்தைத் தாண்டற வரைக்கும் தாங்கியிருக்கக் கூடாதா மாப்ள?" அவன் கத்தியைத் துடைக்கிறான், துடைத்ததையே துடைக்கிறான். மேற்கே வெயில் எட்டிப் பார்க்க, கூழெல்லாம் மினுங்குகிறது. தோட்டக்காரர் பந்தலுக்குப் போய் முடிச்சை அவிழ்த்து வலையை விரிக்கிறார். "இப்ப எதுக்குங்க அது?" என்கிறாள் மனைவி, கொட்டகைக்குள்ளிருந்து. அவர் காதில் விழவில்லை. ஒரு மூலைகூடத் தொய்யாமல், பார்த்துப் பார்த்து, இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.