விளிம்புக்கு முன் நின்ற கோடு

கோயிலில் முடி இறக்கும் கூடத்தில் தண்ணீர் வடியவில்லை. சாக்கடை வாயை அடைத்து ஈர முடி மிதக்கிறது; அதன்மேல் யாரோ துப்பிய எச்சில். கவிப்பிரியா கால்விரலிடுக்கில் சுற்றிய முடியை உதறுகிறாள், போகவில்லை. கருந்துளைக்கு முடி கிடையாது என்பார்கள் அவளைப் போன்ற இயற்பியலாளர்கள்; நிறை, சுழற்சி, மின்னேற்றம் தவிர வெளியே காட்ட ஒன்றுமில்லை என்று பொருள். அவள் கணக்கில் கண்ட கருந்துளையைச் சுற்றியோ முடி போல ஸ்கேலார் புலமும் நிற்கிறது. அறையின் வெப்பநிலை போல, இடத்துக்கு இடம் ஓர் எண். அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை ஏற்கப்பட்டதற்கான வேண்டுதல்தான் அப்பா பச்சையப்பனின் மொட்டை. ஆனால் அந்த எண் கருந்துளையின் விளிம்பில் முடிவிலியாகிறது. விளிம்பே சிதைகிறது, கருந்துளை என்று சொல்ல வழியில்லை. காலையில் பேருந்தில்தான் விளிம்பு வரை கணக்கைப் போட்டுப் பார்த்தாள். கட்டுரையில் வரைபடக் கோட்டை விளிம்புக்குச் சற்று முன்பே நிறுத்தியிருந்தது அவள் கை. பார்க்கப் பயந்த கை. அதை நினைக்கச் சாக்கடையைவிட அருவருப்பாக இருக்கிறது. தலையில் சந்தனம் வழிய அப்பா வருகிறார்.

"இன்னாம்மா, மூஞ்ச சுளிச்சிகினு நிக்கற? நாத்தமா?"

"என் கணக்குதான் நாறுது நைனா. தப்பு. கட்டுரைய திருப்பி வாங்கிக்கிறேன்னு எழுதிட்டேன்."

"அப்போ என் மொட்டை வேஸ்டா?" என்று தலையைத் தடவுகிறார்.

அவள் கைபேசியில் கடிதத்தை அனுப்புகிறாள். கால்விரலிடுக்கில் யாருடையதோ முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.