நான்காவது ஆணி

சுவரில் நான்காவது ஆணியைக் கீர்த்திகனே அடித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் அக்கா சிவகௌரி.

மற்ற மூன்று ஆணிகளிலும் மாலையோடு படங்கள் தொங்கின. அப்பப்பா, அப்பா, மூத்த அண்ணை நடராசா. மூவரையும் கொண்டுபோனது நெஞ்சுவலி. ஒருவரும் நாற்பத்தைந்தைக் காணவில்லை. அப்பா புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபடியே சரிந்தார். நடராசா வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர், இறங்கவேயில்லை.

"என்ன வேலையடா பாக்கிறாய்?"

"பிறகு நீங்கள் கதிரையிலை ஏறி மூச்சு வாங்கக் கூடாது, அக்கா. அதுதான்."

அவள் ஆணியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். அழவில்லை.

வருகிற ஆவணியில் அவனுக்கு நாற்பத்துநாலு. அப்பாவை உரித்து வைத்தவன் என்று சண்டிலிப்பாய் ஊர் முழுக்கச் சொல்வார்கள். முகம் வழிக்கும்போது கண்ணாடியில் அண்ணையின் முகம் தெரிகிறது என்று, அவன் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தான். தன்னை விரும்பிய பிரசாந்தியிடம், உன்னை விதவையாக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

சிவகௌரி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கலியாணம் வேண்டாமென்று தம்பிக்குக் காவலிருந்தவள். அவன் சாப்பாட்டில் எண்ணெயை நிறுத்தினாள். முட்டை அவித்தால் வெள்ளையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, மஞ்சளைக் கொட்ட மனம் வராமல் தானே சாப்பிட்டாள். காலையில் அவன் அறைக் கதவில் காதை வைத்து, மூச்சுச் சத்தம் கேட்ட பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள். சில நாள் உள்ளே ஒருவரல்ல, நாலு பேர் மூச்சு விடுவது போலக் கேட்கும்.

ஆணி அடித்த மறுநாளே அவனை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனாள். இதய வைத்தியர் மதுரா எல்லாவற்றையும் கேட்டார். இரத்தக் கொழுப்பைக் கூட்டி இளம் வயதிலேயே நெஞ்சடைப்பைக் கொண்டுவரும் பரம்பரை வருத்தமாக இருக்கலாம், மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும் என்றார். கூடப்பிறந்தவரும் சோதனைக்கு இரத்தம் கொடுப்பது நல்லது என்றார்.

"எனக்கேன், டொக்டர்? உது எங்கடை வீட்டு ஆம்பிளையளுக்கு வாறது."

வைத்தியர் விடவில்லை. தாதி அவளுடைய கையிலும் இரத்தம் எடுக்கப் பட்டியைக் கட்டினாள்.

கொழும்பிலிருந்து முடிவு வரும்வரை, படங்கள் இருந்த பக்கம் அவன் திரும்புவதேயில்லை. அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிப்பதாக நேர்த்தி வைத்தாள்.

முடிவு வந்த அன்று, வைத்தியருக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தபோது கீர்த்திகனின் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"கீர்த்திகன், உங்களுக்கு அந்த மரபணு வரேல்லை. கொழுப்பும் அளவாத்தான் இருக்கு. இருதயம் நல்லாயிருக்கு."

அவன் நம்பவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். வைத்தியர் சொன்னார். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அண்ணையின் செத்தவீட்டில் அழாத அழுகையையும் சேர்த்து அழுதான்.

சிவகௌரி எழுந்து அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இன்றைக்கு இறால் பொரிப்பேன் என்றாள். போகிற வழியில் பிரசாந்தி வீட்டில் இறங்குவோம் என்றாள். கோயிலுக்கு மத்தியானப் பூசைக்கு முதல் போய்விட வேண்டும் என்று கைப்பையை எடுத்தாள். இத்தனை வருடம் வீட்டுக்குள் நடமாடிய ஒன்று, வாசலைத் தாண்டிப் போய்விட்டதாக அவளுக்குத் தோன்றியது. புறப்படுவதற்காக வைத்தியரைக் கும்பிட்டாள்.

வைத்தியர் மேசையைச் சுற்றி வந்து, கும்பிட்ட கைகளைப் பிடித்து அவளை மறுபடி கதிரையில் இருத்தினார்.

"அப்பாவின்ரை வருத்தம் உங்களுக்குத்தான் வந்திருக்கு, அக்கா."