காவடி அண்ணே

புந்தோங்கில் காவடி அண்ணேயின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குத் தன் காவடியை வாங்க வந்தான் தர்மா. கையுறைத் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல், அலுமினியச் சட்டத்தில் கடைசி மயிலிறகைச் செருகிக்கொண்டிருந்தார் அவர்.

"சாப்பிட்டுட்டுப் போலாம்லா தம்பி. சைவம்தான். காவடி வேலை தொடங்கினா, முடியுற வரைக்கும் வீட்டுல மீன்கூட கிடையாது."

பகலெல்லாம் தொழிற்சாலை, வந்ததும் பட்டறை, அதோடு விரதம் வேறு! தர்மா அசந்துபோனான்.

"நாளைக்குக் கல்லுமலைக் கோயில் ஊர்வலத்துல பார்ப்போம், அண்ணே."

"நாளைக்கு எனக்கு வேலைலா."

"தைப்பூசத்துக்கா?" தர்மாவின் குரல் மாறியது. "ஓவர்டைம் காசு முருகனைவிடப் பெருசாண்ணே?"

"எங்க லைன்ல பாதிப் பேரு காவடி எடுக்கிறாங்க. மெஷினை யாராச்சும் பார்க்கணும்ல? வருஷா வருஷம் நானேதான் கேட்டு வாங்கிக்கிறேன்."

தர்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொண்டுவந்த திருநீற்றை நீட்டினான். "மன்னிச்சிருங்கண்ணே. உங்க கையாலயே காவடிக்குப் பூசிக் குடுங்க."

அவர் பின்வாங்கினார். "அதை நீயே செய் தம்பி, எனக்கு முறை தெரியாது. எல்லாரும் காவடி அண்ணேன்னே கூப்பிட்டுப் பழகிட்டாங்க. என் பேரு மத்தியாஸ். நான் சர்ச்சுக்குப் போறவன்."

"அப்புறம் எதுக்குண்ணே நீங்க விரதம்?"

"நீ விரதம் இருந்து தூக்குற காவடிலா இது. கோழி தின்ன கையால நான் செய்யலாமா?"

தர்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். காவடி இருந்த பக்கம் அவன் இன்னும் திரும்பவே இல்லை.