திருப்பிவிட்ட போன்

விடிந்ததும் வரும் அந்த போனை நினைத்தாலே தெய்வசிகாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்களை, எதிர்காலத்திலிருந்து அவரவருடைய அறுபது வயதே கூப்பிட்டு எழுப்பும் ஏற்பாடு அது. அவருடைய அறுபதுக்கு நாக்குக் குழறியது. "எந்திரிச்சு நட சாமி. நீ இப்ப நடந்தாத்தான் நான் இப்படிக் கிடக்காம இருப்பேன்" என்று தினமும் அதே புலம்பல்.

போனை நிறுத்த வழியில்லை. வீட்டில் வேறு யாருக்காவது திருப்பிவிடலாம். மனைவி வசந்தாமணிக்குத் திருப்பிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவளும் முதலில் வந்து உலுக்கிப் பார்த்தாள், சண்டை போட்டாள், புது ஷூ வாங்கிவந்து கட்டிலடியில் வைத்தாள். பிறகு விட்டுவிட்டாள். சமையலறையில் அந்தக் குழறல் குரலோடு அவள் தணிவாகப் பேசிக்கொண்டிருப்பது மட்டும் தூக்கத்தில் கேட்கும். விட்டது தொல்லை என்றிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடும் சத்தத்தில் விழித்தார். குளியலறையில் ஓர் ஆள் கைப்பிடிக் கம்பி பொருத்திக்கொண்டிருந்தான்.

"இங்க யாருக்கு இப்பக் கம்பி? நல்லா இருக்கற மனுசனைச் சீக்காளி ஆக்கறியா?" என்று எரிந்து விழுந்தார்.

"நீங்க நடக்கப் போறதில்லீங்க," என்றாள் வசந்தாமணி. "நானாவது தயாராகிக்கறேன்."

"வெக்கறதுதான் வெக்கற, வலது கைப் பக்கம் வெக்கச் சொல்ல வேண்டியதுதானே? இடது பக்கம் வெச்சா எப்படிப் பிடிக்கறது?"

அவள் கம்பியை ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தாள்.

"வலது கை விளங்காதுன்னு போன்ல அவர் சொன்னாருங்க."