நிற்கிற படம்

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு, அம்சம் அக்கா அந்த லேப்டாப்பை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்தார். மகன் முருகையன் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அவன் இப்போது மலேசியாவில் வேலை பார்க்கிறான்.

"தம்பி, அவன் வீடியோவுல பேசுறப்ப படம் அப்படியே நின்னுடுது. ராம் மாத்தச் சொன்னான்."

கழற்றிப் பார்த்தேன். நினைவகம் இரண்டு ஜிபிதான் இருந்தது.

"இப்ப வர்ற புது ராம் இதுல சேராதுக்கா. டிடிஆர் த்ரீதான் போடணும். நாலு ஜிபி போதும், எட்டு வீண் செலவு."

தேடி எடுத்து மாட்டி, ஒரு வீடியோவை ஓட்டியும் காட்டினேன். எங்கேயும் நிற்கவில்லை. அக்கா தலையாட்டிவிட்டுப் போனார்.

சம்பா அறுவடை முடிந்ததும் அதே பையோடு திரும்பி வந்தார்.

"பழைய ராமையே மாட்டிக் குடு தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், மறுபடியும் நிக்குதா?"

"இல்லப்பா. நிக்கவே மாட்டேங்குது."

"அதுக்குத்தானேக்கா மாத்துனோம்!"

அக்கா பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அவன் அவசரமா நாலு வார்த்தை பேசிட்டு வச்சிடுவான். முன்னெல்லாம் வச்ச பிறகும் அவன் மூஞ்சி அப்படியே நிக்கும். அதுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் அமத்துவேன். நேத்து புது அரிசி பொங்கித் தட்டுல போட்டுக்கிட்டு உக்காந்தேன். பேசி முடிச்ச உடனே போயிட்டான்."